உள் நெட்வொர்க்குக்கு ஒரு டிஎன்எஸ்: சர்வரைவிட கிளையண்டுகள்தான் வேலை வாங்கின

எங்கள் அலுவலக நெட்வொர்க்கில் இருந்த சர்வர்களுக்கு முதலில் பெயரே கிடையாது, எல்லாம் எண்தான். நிரல்களைச் சேமிக்கும் கிட் சர்வர் 10.20.4.15, விக்கி 10.20.4.22, பில்டு மெஷின் 10.20.6.8. மனப்பாடமாகத் தெரிந்தவர்கள் சமாளித்தார்கள். மற்றவர்கள் ஆளுக்கொரு ஹோஸ்ட்ஸ் ஃபைல், அதாவது எந்தப் பெயருக்கு எந்த எண் என்று சொந்தக் கம்ப்யூட்டரிலேயே எழுதிவைக்கும் பட்டியல், வைத்துக்கொண்டார்கள். புதிதாக வேலைக்குச் சேர்பவருக்குப் பக்கத்தில் இருப்பவர் தன் ஹோஸ்ட்ஸ் ஃபைலை அப்படியே அனுப்பிவைப்பார்; எப்போதோ மூடிவிட்ட சர்வர்களும் அதோடு சேர்ந்தே போகும். விக்கியை வேறு சப்நெட்டுக்கு (நெட்வொர்க்கின் இன்னொரு பகுதிக்கு) மாற்ற வேண்டி வந்தபோது இந்த ஏற்பாடு படுத்துவிட்டது. சிலருக்கு விக்கி திறந்தது, சிலருக்குத் திறக்கவில்லை. யார் லேப்டாப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

இணையமே இந்தக் கட்டத்தைத் தாண்டி வந்ததுதான். இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் காலத்தில் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையம் ஒரே ஒரு ஹோஸ்ட்ஸ் ஃபைலைப் பராமரித்தது. எல்லாரும் அதை இறக்கிக்கொள்வார்கள். கம்ப்யூட்டர்கள் பெருகப் பெருக அது தாங்கவில்லை. 1983இல் பால் மோக்கபெட்ரிஸ், பெயரைக் கேட்டால் எண்ணைத் தரும் டிஎன்எஸ்ஸின் முதல் வரையறையை எழுதினார். இன்றும் அடிப்படையாக இருப்பவை 1987இல் வந்த இணையத் தொழில்நுட்ப ஆவணங்களான ஆர்எஃப்சி 1034, 1035. ஆக, புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. சர்வரை நிறுவுவது உண்மையிலேயே அரை நாள் வேலைதான். மற்ற நேரமெல்லாம் போனது இரண்டு இடங்களில்: பெயரை முடிவு செய்வதில், அப்புறம் அந்த சர்வரிடம் கேள்வி கேட்க வேண்டிய மெஷின்களை ஒழுங்காகக் கேட்க வைப்பதில்.

பெயரை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மென்பொருளைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். பெயரை மாற்றினால் ஸ்கிரிப்ட், கான்ஃபிக், புக்மார்க், சான்றிதழ் எல்லாவற்றையும் தேடிப்பிடித்து மாற்ற வேண்டும்.

எங்கள் குழுவில் ஒருவர் டாட் லோக்கல் என்றார். பழைய கையேடுகள் பலவற்றில் அதுதான் இருக்கும். ஆனால் டாட் லோக்கல் மல்டிகாஸ்ட் டிஎன்எஸ்ஸுக்கு உரியது. 2013இல் ஆர்எஃப்சி 6762 அதை முறைப்படி ஒதுக்கிவிட்டது. அப்படி முடியும் பெயரைப் பார்த்ததும் மேக், ஐஃபோன், அதே வேலைக்கான அவாகி என்ற நிரல் ஓடும் லினக்ஸ் எல்லாம் டிஎன்எஸ் சர்வரை விட்டுவிட்டு, அதே நெட்வொர்க்கில் இருக்கும் மெஷின்களிடம் கூவிக் கேட்கப் போய்விடும். ஒன்றில் வேலை செய்யும், இன்னொன்றில் செய்யாது, வேறொன்றில் சில விநாடி இழுத்தடித்துவிட்டுச் செய்யும். இப்படிப்பட்ட பிரச்சினையைத் துரத்துவதைவிடக் கொடுமை வேறில்லை.

இன்னொருவர் டாட் டெவ் என்றார். யாருக்கும் சொந்தமில்லாத முடிவு என்று நம்பி டெவலப்பர்கள் பல வருடம் அதைச் சொந்தச் சோதனைக்கு வைத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அது கூகுள் கையில் உள்ள நிஜமான டொமைன் ஆனது. 2017 டிசம்பரில் வந்த குரோம் 63 முதல் டாட் டெவ் என்று முடியும் எதையும் எச்டிடிபிஎஸ் இல்லாமல் திறக்க முடியவில்லை. அடுத்தவன் நிலத்தில் கொட்டகை போட்டால் இப்படித்தான் ஆகும்.

இப்போது இதற்கென்றே டாட் இன்டர்னல் இருக்கிறது. 2024 ஜூலையில் இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் அதைத் தனியார் நெட்வொர்க்குகளுக்கென ஒதுக்கியது. பொது இணையத்தில் அதை யாருக்கும் தர மாட்டார்கள். வீட்டு நெட்வொர்க்குக்கு 2018இல் வந்த ஆர்எஃப்சி 8375 சொல்லும் ஹோம்.ஆர்பா உண்டு. இரண்டுமே நல்ல தேர்வுதான். ஆனாலும் நாங்கள் நிறுவனத்தின் சொந்த டொமைனுக்குக் கீழேயே ஒரு கிளை எடுத்தோம். டொமைன் எக்ஸாம்பிள்.காம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பதெல்லாம் இன்ட்.எக்ஸாம்பிள்.காம்.

காரணம் சான்றிதழ், அதாவது எச்டிடிபிஎஸ் தளம் நிஜமானதுதான் என்று பிரவுசருக்குக் காட்டுவது. டாட் இன்டர்னல் பெயருக்கு எந்தப் பொதுச் சான்றிதழ் நிறுவனமும் சான்றிதழ் தராது. சொந்தமாக ஒரு சிஏ (சான்றிதழ் வழங்கும் அமைப்பு) வைத்து, அதன் ரூட் சான்றிதழை ஒவ்வொரு லேப்டாப்பிலும் ஃபோனிலும் ஏற்ற வேண்டும். சொந்த டொமைன் என்றால் இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட்டின் டிஎன்எஸ்-01 சோதனை போதும். பொது டிஎன்எஸ்ஸில் ஒரு டிஎக்ஸ்டி ரெக்கார்டு (எழுத்துப் பதிவு) வைத்துக் காட்டினால் ஆயிற்று. உள் சர்வரை வெளியுலகுக்குத் திறக்க வேண்டியதே இல்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். இப்படி வாங்கும் சான்றிதழ்கள் பொதுப் பதிவேட்டில் ஏறும், யாரும் தேடிப் பார்க்கலாம். சம்பளப் பட்டியல் சர்வருக்கு அதன் வேலையைச் சொல்லும் பெயர் வைத்திருந்தால், அந்தப் பெயரை ஊரே படிக்கும். அதனால் நாங்கள் கிளை முழுவதற்கும் பொதுவான வைல்டுகார்டு சான்றிதழ் வாங்கினோம்.

உள் எண்களைப் பொது டிஎன்எஸ்ஸிலேயே எழுதிவிட்டால் சர்வரே வேண்டாமே என்று ஒரு யோசனையும் வந்தது. சிறிய இடங்களில் அப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இணைய இணைப்பு போனால் பக்கத்து அறையில் இருக்கும் சர்வரின் பெயரும் சேர்ந்து போய்விடும். தவிர, வெளியிலிருந்து வரும் பதிலில் 10 அல்லது 192.168 என்று தொடங்கும் முகவரி இருந்தால் அதைத் தூக்கி எறியும் ரௌட்டர்கள் உண்டு. வெளித் தளம் ஒன்று தன் பெயருக்கு உள் முகவரியைத் தந்து உள்ளே நுழையப் பார்க்கும் டிஎன்எஸ் ரீபைண்டிங் தாக்குதலைத் தடுக்க அப்படிச் செய்கின்றன; அதைக் குறை சொல்ல முடியாது.

மென்பொருளில் அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. சில டஜன் மெஷின் உள்ள இடத்துக்கு டிஎன்எஸ்மாஸ்க் தாராளம். மெஷின்களுக்கு முகவரியைத் தானாகக் கொடுக்கும் டிஎச்சிபியும் அதற்குள்ளேயே இருப்பதால் லீஸ் (தற்காலிக முகவரி) வாங்கிய மெஷினின் பெயர் தானாகவே பதிந்துவிடும். பைண்ட் என்ற மென்பொருள் எல்லாவற்றையும் செய்யும். எங்களுக்குப் பிடித்தது வேலையைப் பிரித்துக் கொடுப்பது. எங்கள் ஜோனுக்கு (எங்கள் பெயர்களின் தொகுப்புக்கு) மட்டும் பதில் சொல்ல என்எஸ்டி. எல்லாக் கேள்வியையும் வாங்கிக்கொள்ள முன்னால் அன்பவுண்ட். உள் பெயர் என்றால் என்எஸ்டியிடம் கேட்கும், மற்றதென்றால் வெளியே போய்த் தேடிக்கொண்டு வரும். இரண்டு சின்ன வெர்ச்சுவல் மெஷின்கள், வேறுவேறு ஹோஸ்டில், ஒவ்வொன்றிலும் இந்த இரண்டும். கிளவுட் இமேஜில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த, லினக்ஸின் பெயர் தேடும் நிரலான சிஸ்டம்டி-ரிசால்வ்டு, டிஎன்எஸ்ஸுக்கான 53ஆம் போர்ட்டைப் பிடித்து வைத்திருந்தது. அதன் ஸ்டப் லிஸனரை அணைத்த பிறகுதான் அன்பவுண்ட் கிளம்பியது.

இந்த ஜோடியைச் சேர்க்கும்போது ஒரு விஷயம் தெரிந்திருந்தால் ஒரு மாலைப் பொழுது மிச்சம். உள் பெயர் விஷயத்தில் அன்பவுண்ட் நான்கு இடங்களில் கதவைச் சாத்தி வைத்திருக்கும், ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் திறந்துவிட வேண்டும். முதலில், அதே மெஷினில் லோக்கல்ஹோஸ்டில் இருக்கும் இன்னொரு சர்வரிடம் அது கேள்வி கேட்காது. கேட்கலாம் என்று கான்ஃபிக்கில் அனுமதிக்க வேண்டும். அடுத்து, ரீபைண்டிங் பாதுகாப்பை இயக்கியிருந்தால் பதிலில் உள்ள 10 வரிசை முகவரிகளை அது நீக்கிவிடும். பெயர் இருக்கிறது என்று சொல்லும், முகவரி மட்டும் வராது, இன்ட்.எக்ஸாம்பிள்.காம் எங்கள் டொமைன்தான் என்று விலக்கு எழுத வேண்டும். மூன்றாவது டிஎன்எஸ்செக், பதில்களைக் கையொப்பத்தால் சரிபார்க்கும் முறை. வெளியுலகின் கணக்குப்படி இன்ட் என்ற கிளையே இல்லை. தாய் டொமைன் கையொப்பமிடப்பட்டிருந்தால் அந்த இன்மைக்கே கையொப்பமிட்ட சான்று உண்டு. அதனால் அன்பவுண்ட் உங்கள் பதிலைப் போலி என்று முடிவுகட்டி செர்வ்ஃபெயில் (பதில் தர முடியவில்லை) தரும். இந்தக் கிளைக்கு மட்டும் சரிபார்ப்பு வேண்டாம் என்று சொல்ல வேண்டும். டாட் இன்டர்னலுக்கும் இதே கதைதான், அங்கே சான்று எல்லா டொமைன்களுக்கும் மேலே உள்ள ரூட்டிலிருந்தே வரும். நான்காவது, எண்ணிலிருந்து பெயரைத் தேடும் ரிவர்ஸ் ஜோன். தனியார் முகவரிகளுக்கான ரிவர்ஸ் கேள்விகள் வெளியே கசியாதபடி அன்பவுண்ட் தானே 'இல்லை' என்று பதில் சொல்லிவிடும். 10 வரிசைக்கு அந்த இயல்பான பதிலை நீக்கினால்தான் கேள்வி என்எஸ்டிக்குப் போகும். இதற்கான பிடிஆர் ரெக்கார்டு இல்லாமலும் காலம் தள்ளலாம். ஆனால் இரவில் ஃபயர்வால் லாக்கைப் படிப்பவருக்கு எண்ணுக்குப் பதில் பெயர் தெரிவது பெரிய உதவி.

ஜோன் ஃபைலைப் பற்றிக் கொஞ்சம். எல்லாரும் சொல்வது கடைசிப் புள்ளி. முழுப் பெயர் எழுதினால் இறுதியில் புள்ளி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் டொமைன் இன்னொரு முறை ஒட்டிக்கொள்ளும். இலக்கணப்படி அதில் பிழையில்லை என்பதால் சரிபார்க்கும் கருவியும் ஆட்சேபிக்காது. ஏற்றிய பிறகு டிக் (டிஎன்எஸ்ஸைக் கேட்டுப் பார்க்கும் கட்டளை) போட்டுப் பார்ப்பதுதான் வழி. ஃபைலின் பதிப்பைக் காட்டும் சீரியல் எண்ணைத் தேதியும் இரண்டு இலக்கமுமாக எழுதும் பழைய வழக்கமே எங்களுக்கும். ஃபைல் கிட்டில் இருக்கிறது. மாற்றம் ஏற்கப்பட்டதும் ஒரு ஸ்கிரிப்ட் இரண்டு சர்வருக்கும் அனுப்பிவிடுகிறது. சர்வர்கள் தங்களுக்குள் நகலெடுத்துக்கொள்ளும் ஜோன் டிரான்ஸ்ஃபரே வைத்துக்கொள்ளவில்லை.

அதிகம் பேசப்படாதது 'இல்லை' என்ற பதிலின் ஆயுள். புதிய சர்வர் தயாராகிறது, ரெக்கார்டு இன்னும் ஏற்றவில்லை. அதற்குள் ஆர்வக்கோளாறில் ஒருவர் பெயரைப் போட்டு பிங் அடிக்கிறார். என்எக்ஸ்டொமைன், அதாவது 'அப்படியொரு பெயர் இல்லை' என்ற பதில், வருகிறது. கேள்வி வாங்கும் ரிசால்வர் (எங்களுக்கு அன்பவுண்ட்) அந்த 'இல்லை'யையும் கேஷில் வைத்துக்கொள்ளும். 1998இல் வந்த ஆர்எஃப்சி 2308 கணக்குப்படி, எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்பதை ஜோனின் தலைப்புப் பதிவான எஸ்ஓஏ ரெக்கார்டின் டிடிஎல் (கேஷில் இருக்கும் ஆயுள்), அதன் கடைசி எண் இரண்டில் எது சிறியதோ அது தீர்மானிக்கும். இணையத்திலிருந்து எடுக்கும் மாதிரி ஜோன் ஃபைல்களில் அந்த எண் பெரும்பாலும் 86400, அதாவது ஒரு நாள். ரெக்கார்டை ஏற்றிய பிறகும் அந்த ஒருவருக்கும், அதே ரிசால்வரைக் கேட்கும் மற்ற எல்லாருக்கும் பெயர் கிடைக்காது. உள் நெட்வொர்க்கில் 60 விநாடி போதும். சாதாரண ரெக்கார்டுகளுக்கு நாங்கள் 300 விநாடி வைத்திருக்கிறோம். கேள்விகள் கூடினாலும் உள் சர்வருக்கு அது ஒரு சுமையே இல்லை.

சர்வர் பக்கம் இவ்வளவுதான். இனி கிளையண்டுகள்.

டிஎச்சிபியில் டிஎன்எஸ் முகவரி கொடுக்கும் இடத்தில் முதலாவதாக நம் சர்வர், இரண்டாவதாக கூகுளின் பொது ரிசால்வரான 8.8.8.8 என்று எழுதுவது பல இடங்களில் நான் பார்த்த ஏற்பாடு. எங்கள் ரௌட்டரிலும் முன்பிருந்தவர்கள் அப்படித்தான் வைத்திருந்தார்கள். நம்முடையது படுத்தால் இணையமாவது ஓடட்டுமே என்ற நல்லெண்ணம். ஆனால் இரண்டாவது முகவரி என்பது அவசரத்துக்கு எட்டிப் பார்க்கும் இடம் என்று எந்த கிளையண்டும் உறுதி தரவில்லை. லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி, பட்டியலில் உள்ள வரிசையில் கேட்கும். முதல் சர்வர் பதில் சொல்லாவிட்டால் இயல்பாக 5 விநாடி காத்திருந்து அடுத்ததற்குப் போகும். ஆல்பைன் என்ற சிறிய லினக்ஸின் கன்டெய்னர்களில் அதே வேலை செய்யும் மஸ்ல், எல்லா சர்வரையும் ஒரே நேரத்தில் கேட்டு, முதலில் வரும் பதிலை எடுத்துக்கொள்ளும். சிஸ்டம்டி-ரிசால்வ்டு இன்னொரு ரகம். ஒரு சர்வர் தவறினால் அடுத்ததற்கு மாறும், மாறிய பிறகு அதிலேயே ஒட்டிக்கொள்ளும்.

இது எங்கள் இடத்தில் எப்படித் தெரிந்தது என்றால், முதல் சர்வரை அப்டேட்டுக்காக ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தோம். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் அன்று முழுக்க ஒருவர் மாற்றி ஒருவர் வந்து கிட் சர்வர் இல்லை என்கிறார்கள். சர்வரில் பார்த்தால் எல்லாம் சரி, டிக் அடித்தால் சரியான பதில். புகார் சொன்னவரின் லேப்டாப்பில் ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ் என்ற கட்டளை போட்டுப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. தற்போதைய டிஎன்எஸ் சர்வர் என்ற வரியில் 8.8.8.8 நிற்கிறது. அந்த ஒரு நிமிட இடைவெளியில் மாறியவர்கள் மாறியபடியே இருந்தார்கள். பொது ரிசால்வர் இன்ட் பெயர்களுக்கு என்எக்ஸ்டொமைன் சொல்கிறது. கிளையண்டைப் பொறுத்தவரை அது முழுமையான, சரியான பதில். இன்னொருவரிடம் கேட்க வேண்டிய அவசியமே அதற்கு இல்லை. கொடுக்கும் முகவரிகள் எல்லாமே ஒரே பதிலைச் சொல்ல வேண்டும் என்பதை நான் இப்போது விதியாகவே வைத்திருக்கிறேன். இரண்டாவது சர்வர் வைக்க வசதியில்லை என்றால் ஒன்றோடு நிறுத்திக்கொள்வது மேல். அது படுத்தால் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தெரியும், அரை நாள் மர்மம் இருக்காது.

பிரவுசர்கள் அடுத்து. கேள்வியை மறைகுறியாக்கி அனுப்பும் டிஎன்எஸ் ஓவர் எச்டிடிபிஎஸ் இயக்கத்தில் இருந்தால் பிரவுசர் நம் ரிசால்வரைச் சுற்றிக்கொண்டு நேரே வெளியே போகலாம். ஃபயர்ஃபாக்ஸுக்கு ஒரு சைகை உண்டு: யூஸ்-அப்ளிகேஷன்-டிஎன்எஸ்.நெட் என்ற பெயருக்கு நம் ரிசால்வர் 'இல்லை' என்றால், இயல்பாக இயங்கும் அந்த வசதியை அது நிறுத்திக்கொள்ளும். பயனர் தானே தேர்ந்தெடுத்து இயக்கியிருந்தால் இந்தச் சைகைக்கு அது கட்டுப்படாது. ஆண்ட்ராய்டு 9 முதல் இருக்கும் பிரைவேட் டிஎன்எஸ்ஸும் இதே மாதிரிதான். தானியங்கி நிலையில் இருந்தால் தொல்லையில்லை, யாராவது ஒரு சேவையின் பெயரை அதில் எழுதி வைத்திருந்தால் அந்த ஃபோனுக்கு உள் பெயர்கள் கிடைக்காது. விளம்பரத் தடுப்புக்காகப் பலர் அப்படி எழுதியிருந்தார்கள். அதை நாங்கள் தடுக்கவில்லை. சொந்த ஃபோனில் அவர்கள் எதைக் கேட்கிறார்கள் என்பதில் தலையிடுவதைவிட, உள் சேவை வேண்டுமானால் அலுவலக லேப்டாப்பைப் பயன்படுத்துங்கள் என்று சொல்வது எளிது.

வீட்டிலிருந்து விபிஎன் வழியே வருபவர்களுக்கு எல்லாக் கேள்வியையும் நம்மிடம் திருப்பாமல், இன்ட் கிளையின் கேள்விகளை மட்டும் திருப்பினோம். அவர்கள் வீட்டு பிரின்டரும் வேலை செய்ய வேண்டுமே. அப்புறம் அந்தப் பழைய ஹோஸ்ட்ஸ் ஃபைல்கள். அவை டிஎன்எஸ்ஸுக்கு முன்னால் பார்க்கப்படும், ஆனால் டிக் அவற்றைப் பார்க்கவே பார்க்காது. டிக் புதிய முகவரியைக் காட்டும், பிரவுசர் பழையதற்கே போகும். லினக்ஸில் கெட்என்ட் ஹோஸ்ட்ஸ் என்று கேட்டால்தான் நிரல்கள் உண்மையில் பார்க்கும் பதில் வரும். இரண்டும் வேறுபட்டால் ஹோஸ்ட்ஸ் ஃபைலைத் திறந்து பாருங்கள். நாங்கள் பெயர்களையே புதிதாக வைத்ததால் தப்பித்தோம். பழைய ஃபைல்களில் வெறும் விக்கி என்றுதான் இருந்தது, விக்கி.இன்ட்.எக்ஸாம்பிள்.காம் என்று முழுப் பெயரில் போனவர்களை அது தொடவில்லை.

சப்நெட் சப்நெட்டாக மாற்றியது நல்லதாகப் போயிற்று. முதலில் எங்கள் குழு, அடுத்து டெவலப்பர்கள், கடைசியில் பிரின்டர்களும் மீட்டிங் அறைத் திரைகளும். டிஎச்சிபி லீஸ் நேரத்தை முன்கூட்டியே குறைத்து வைத்தால், மாற்றம் எல்லாருக்கும் சீக்கிரம் போய்ச் சேரும். ஏதாவது ஆனால் திரும்பி வரவும் அதே வேகம். டிஎச்சிபி இல்லாமல் கையால் முகவரி எழுதிய மெஷின்கள் எத்தனை இருக்கின்றன என்பது அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது. பழைய ரௌட்டரின் 53ஆம் போர்ட்டுக்கு யார் யார் இன்னும் வருகிறார்கள் என்று ஃபயர்வாலில் எண்ணிப் பார்த்துப் பட்டியல் எடுத்தோம்.

பூட்டுக்குள்ளேயே சாவியை வைக்கும் ஏற்பாடு ஏதும் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். டிஎன்எஸ் மெஷின் ஓடும் ஹோஸ்ட், தன் ஸ்டோரேஜைப் பெயர் சொல்லித் தேடினால், மின்சாரம் போய் வந்த பிறகு ஒன்றுக்காக ஒன்று காத்துக்கிடக்கும். நேரமும் அப்படியே. டிஎன்எஸ்செக் கையொப்பங்களுக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. மெஷினின் கடிகாரம் பின்தங்கியிருந்தால் கையொப்பம் செல்லாது, பெயர் கிடைக்காது. நேரத்தைச் சரிசெய்யும் என்டிபி சர்வரை அந்தப் பெயரை வைத்துத்தான் தேட வேண்டும். பேட்டரிக் கடிகாரம் இல்லாத ராஸ்ப்பெர்ரி பை போன்ற போர்டில் டிஎன்எஸ் ஓட்டுபவர்களுக்கு இது நிஜமான தொல்லை. ஸ்டோரேஜ், என்டிபி இரண்டையும் டிஎன்எஸ் சர்வர்களிலும் அவற்றின் ஹோஸ்ட்களிலும் எண்ணாகவே எழுதினோம்.

பாதுகாப்பில் இரண்டே இரண்டு. உள் சப்நெட்டுகளைத் தவிர யாருக்கும் ரிசால்வர் பதில் சொல்லக் கூடாது. இணையத்துக்குத் திறந்து கிடக்கும் ரிசால்வரைப் போலி மூல முகவரியோடு கேள்வி அனுப்பி அடுத்தவர்மேல் ஏவலாம். ஃபயர்வாலில் யுடிபி 53ஐ மட்டும் திறந்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள், டிசிபி 53ம் வேண்டும். பதில் பெரிதானால் கிளையண்ட் டிசிபியில் திரும்ப வரும். மற்றபடி லாக். எல்லாக் கேள்வியையும் பதிந்து வைக்கச் சொல்லி மேலிடத்தில் ஒரு ஆசை இருந்தது. யார் எந்த நேரத்தில் எந்தத் தளத்துக்குப் போனார்கள், எந்த மருத்துவமனையின் பெயரைத் தேடினார்கள் என்று அதில் எல்லாமே தெரியும். யாரும் கேட்காத அந்தத் தகவலைக் காப்பாற்றும் பொறுப்பு நமக்கு எதற்கு? செர்வ்ஃபெயில்களை மட்டும் பதிகிறோம், மொத்த எண்ணிக்கையைப் பார்க்கிறோம்.

கண்காணிப்பு என்று தனியாகப் பெரிய ஏற்பாடு இல்லை. ஒவ்வொரு சப்நெட்டிலிருந்தும் ஒரு மெஷின் நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு சர்வரிடமும் ஒரு உள் பெயர், ஒரு வெளிப் பெயர், எங்கள் ஜோனின் சீரியல் ஆகியவற்றைக் கேட்கிறது. சீரியல் வேறுபட்டால் ஸ்கிரிப்ட் ஒன்றுக்கு மட்டும் போயிருக்கிறது என்று அர்த்தம். மாதம் ஒருமுறை வேலை நேரத்திலேயே முதல் சர்வரைச் சிறிது நேரம் நிறுத்திவைக்கிறோம். இரண்டாவது முகவரியை வாங்காத ஏதாவது ஒரு மெஷின் அப்போது சத்தம் போடும். போன முறை சத்தம் போட்டது வாசல் கதவின் கார்டு ரீடர்; நிறுவிப்போனவர்கள் ஒரே ஒரு டிஎன்எஸ் முகவரியைக் கையால் எழுதியிருந்தார்கள். அதன் அட்மின் பாஸ்வேர்டை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.